விட்ட சாப்பாடு யாருக்கு? உபவாசம் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் மாசி பிறந்தால் ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு கணக்கில் வயிற்றைக் கட்டியிருப்பார்கள். 2026இல் எல்லாம் ஒரே வாரத்துக்குள் வந்து சேர்ந்தது. பெப்ரவரி 15 சிவராத்திரி, 18 கிறிஸ்தவர்களின் விபூதிப் புதன், அதை ஒட்டியே ரமழான் தலைப்பிறை. கோணேசர் கோயிலில் கண்விழித்தவர்களின் தூக்கக் கலக்கம் தெளிவதற்குள் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நாங்கள் வந்து நின்றோம். அதற்கடுத்த நாட்களில் பின்னேரமானால் கஞ்சிப் பாத்திரத்தோடு பிள்ளைகள் பள்ளிவாசல் பக்கம் போனார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் நோன்பு என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. கிறிஸ்தவ வாழ்வுக்குப் புதிதாக வருகிறவர்கள், கல்யாணம் கட்டி வந்தவர்கள், பல வருடம் ஆலயப் பக்கமே போகாமல் இருந்து திரும்புகிறவர்கள் எல்லாரும் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விரதத்தின் சட்டங்களையே இங்கேயும் தேடுகிறார்கள். தண்ணீர் குடிக்கலாமா? மீன் ஆகுமா? எத்தனை மணிக்கு முடிக்கலாம்? இடையில் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? நல்ல கேள்விகள்தான், பதிலும் கீழே சொல்கிறேன். ஆனால் 'எதற்காக' என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. சில பேருக்கு அது வருவதே இல்லை. எனக்கும் வரவில்லை.

நான் போதகரும் இல்லை, சுவாமியும் இல்லை. மெதடிஸ்த வீட்டில் வளர்ந்து, பாலையூற்றில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பெண் எடுத்தவன். அதனால் இரண்டு பக்கத்துப் பழக்கமும் எங்கள் வீட்டுக் குசினியில் ஒன்றாகவே கிடக்கின்றன.

முதலில் சொற்கள்

எங்கள் பக்கத்தில் 'உபவாசம்' என்போம். மனைவியின் பக்கத்தில் 'நோன்பு'. மாமி இன்னும் பழைய சொல்லான 'ஒருசந்தி'யைத்தான் சொல்வார். நாளுக்கு ஒரு நேரம் வயிறாரச் சாப்பிடுவது ஒருசந்தி, இறைச்சியை விலக்குவது 'சுத்தபோசனம்'. இரண்டும் ஒன்றல்ல, புதிதாக வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய காலத்தைக் கத்தோலிக்கர் தவக்காலம் என்பார்கள், நாங்கள் லெந்து காலம் என்போம். விபூதிப் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் நோன்புக் கணக்கில் சேராது. ஆறு ஞாயிறைக் கழித்தால் நாற்பது.

கத்தோலிக்கருக்குச் சட்டம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும்வரை விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி இருக்க வேண்டும். வழக்கத்தில் அது ஒரு முழுச் சாப்பாடு, அதோடு இரண்டு சிறிய உணவு. அந்த இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகக்கூடாது. சுத்தபோசனம் 14 வயது நிறைந்ததிலிருந்து. நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருப்பது வேறு கணக்கு. அதிலும் தண்ணீருக்கும் மருந்துக்கும் தடை இல்லை.

மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் இந்த அளவுக்கு அளவுகோல் வைத்து யாரும் பார்ப்பதில்லை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி ஒக்ஸ்போர்டில் இருந்த காலத்தில் புதனும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணி வரை சாப்பிடாமல் இருந்தவர். அவர் அந்த நாட்களைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்த 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை' என்ற சிறு நூலே புதனும் வெள்ளியும் உபவாசம் இருக்கச் சொல்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் உபவாச ஜெபம் என்று ஒரு நாளைக் குறித்து, சபையாகக் கூடி ஜெபித்துவிட்டுப் பிறகு சாப்பிடுவார்கள்.

சரி, மீன். சுத்தபோசன நாளில் மீனுக்குத் தடை இல்லை. ஆனால் கடலைச் சுற்றிவரக் கொண்ட இந்த ஊரில் அதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வரும். கிழமைக்கு ஆறு நாள் மீன் தின்கிறவன் வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டுவிட்டு, இறால் குழம்பும் கணவாய்ப் பிரட்டலும் வைத்தால் எதை விட்டான்? சட்டப்படி அதில் குற்றம் இல்லை. வயிற்றுக்குத் தெரியும்.

எதற்காக

என் முதல் உபவாசத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞன். காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். பதினொரு மணிக்குத் தலை வெடித்தது. கிண்ணியாப் பாலம் வராத காலம். மூதூரிலிருந்து லோஞ்சில், கையில் குடையோடு வந்த ஒரு பெரியவர் விண்ணப்பத்தை நீட்டினார். கிராம சேவகரின் கையொப்பம் ஓரிடத்தில் விடுபட்டிருந்தது. வேறொரு நாளென்றால் வாங்கி வைத்துக்கொண்டு, "அந்தத் தாளை மட்டும் பிறகு அனுப்பிவிடுங்கோ ஐயா" என்றிருப்பேன். அன்று எல்லாருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். மாலையில் ஆராதனைக்குப் போய்க் கண் கலங்கப் பாட்டும் பாடினேன்.

அன்று இரவு, ஏதோ சாதித்துவிட்ட சந்தோஷத்தில், வேதாகமத்தில் உபவாசம் என்று வருகிற இடங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஏசாயா 58 வந்து மாட்டியது. நாங்கள் உபவாசம் இருக்கிறோமே, நீர் ஏன் பார்ப்பதில்லை என்று மக்கள் கடவுளிடம் முறையிடுகிறார்கள். அவர் சொல்லும் பதில்: உபவாச நாளிலேயே நீங்கள் உங்கள் காரியத்தைப் பார்க்கிறீர்கள், வேலை செய்கிறவனை நெருக்குகிறீர்கள், சண்டை பிடிக்கிறீர்கள். பிறகு தமக்குப் பிடித்த உபவாசம் எது என்று வரிசையாகச் சொல்கிறார்: அநியாயக் கட்டை அவிழ்ப்பது, பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வது, வீடில்லாதவனை வீட்டுக்குள் சேர்ப்பது, உடையில்லாதவனுக்கு உடுக்கக் கொடுப்பது. அந்தப் பெரியவர் திரும்பிப் போக லோஞ்ச் கிடைத்ததோ என்னவோ. அந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் அவருடைய குடை ஞாபகம் வரும்.

உபவாசம் என்ன செய்கிறது? இரண்டு வேலை என்று நான் விளங்கி வைத்திருக்கிறேன். ஒன்று, நாம் எவ்வளவு சின்னவர்கள் என்று காட்டுகிறது. லேவியராகமத்தில் பாவநிவாரண நாளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'ஆத்துமாவைத் தாழ்மைப்படுத்துவது' என்ற சொல்தான் வருகிறது. ஒரு பிளேன்ரீ தள்ளிப்போனதற்கு ஆடிப்போகிற மனிதன், தன் பொறுமையும் நல்ல குணமும் எவ்வளவு தூரம் வயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன என்று அன்றுதான் காண்கிறான். வனாந்தரத்தில் இஸ்ரவேலரைப் பசிக்க விட்டு, பிறகு மன்னா என்ற உணவால் போஷித்தது மனிதன் அப்பத்தினால் மாத்திரம் பிழைப்பதில்லை என்று உணர்த்துவதற்காக என்று உபாகமம் 8 சொல்கிறது. இயேசு நாற்பது நாள் பசித்திருந்து சோதனைக்காரனுக்குத் திருப்பிச் சொன்னதும் அதே வசனம்தான்.

இரண்டாவது வேலை நான் விட்ட சாப்பாட்டுத் தட்டைப் பற்றியது. நான் சாப்பிடாமல் விட்டது எங்கே போனது? என் சட்டைப் பைக்கே திரும்பி வந்திருந்தால் நான் காசு மிச்சம் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். இதற்குக் கீழே மறுபடி வருகிறேன்.

உபவாசம் செய்யாத ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். அது கடவுளின் கையை முறுக்காது. இதைப் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் 'மூன்று வெள்ளி இருந்தால் விசா வரும்', 'இருபத்தொரு நாள் இருந்தால் கல்யாணம் கூடும்' என்று கணக்குச் சொல்ல எங்கும் யாராவது இருப்பார்கள். 2 சாமுவேல் 12ஐ எடுத்துப் படியுங்கள். தாவீது ராஜா, சாகக் கிடந்த தன் குழந்தைக்காக ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசம் இருக்கிறார். குழந்தை இறந்துபோகிறது. அவர் எழுந்து, குளித்து, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்கிறார். வேலைக்காரருக்கே விளங்கவில்லை. கேட்டது கிடைக்காத உபவாசம் அது. ஆனாலும் முடிந்த கையோடு அவர் போன இடம் கடவுளின் சந்நிதி.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. நாபோத் என்பவனின் திராட்சைத் தோட்டத்தைப் பறிக்க ராணி யேசபேல் போட்ட திட்டத்தின் முதல் படி, ஊர் முழுவதும் ஒரு உபவாசத்தைக் கூறுவதுதான். உபவாசத்தை நடத்திவிட்டு அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். வயிறு காலியாக இருப்பதற்கும் மனம் நல்லதாக இருப்பதற்கும் தானாக ஒரு தொடர்பும் இல்லை.

உடம்பைக் கேளுங்கள்

இதில் வீரம் வேண்டாம். சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், பிள்ளைகள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய மருந்து உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் சாப்பாட்டை விடக்கூடாது. சாப்பாட்டைப் பற்றிப் பயமோ, மெலிய வேண்டும் என்ற வெறியோ முன்பு இருந்தவர்களும் அப்படித்தான். அவர்களுக்கு உபவாசம் பழைய நோயின் புது உடுப்பாகிவிடும். இவர்களெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே சீனியை விடலாம், ருசியை விடலாம். தானியேல் மூன்று கிழமை விட்டது ருசியான சாப்பாட்டையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும்தான்.

போனை விடுவதும் உபவாசம்தானே என்று இளம் பிள்ளைகள் கேட்பார்கள். விடுங்கள், நல்லது. ஆனால் உடம்பு சுகமாக இருக்கிறவர் அதைச் சாப்பாட்டுக்குப் பதிலாக வைப்பது எனக்கு ஒத்துவருவதில்லை. போன் இல்லாதபோது வருவது சலிப்பு. பசி வேறு, அது உடம்புக்குள்ளிருந்தே கூப்பிடும்.

தண்ணீர் குடியுங்கள். வேதாகமத்தில் எஸ்தரும் நினிவே ஊராரும் தண்ணீரும் இல்லாமல் இருந்தது உயிர் போகிற நெருக்கடியில். சாதாரண கிறிஸ்தவ உபவாசத்தில் தண்ணீருக்குத் தடை இல்லை. பங்குனி வெயிலில் நிலாவெளி வீதியில் சைக்கிள் மிதிக்கிறவர், கடலுக்குப் போகிறவர், மேசன் வேலை செய்கிறவர் தண்ணீரை விடவே கூடாது. கை நடுங்கினால், குளிர் வியர்வை வந்தால், கண் இருட்டினால் உடனே நிறுத்திவிட்டு இனிப்பாக ஏதாவது எடுங்கள். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

நாளும் அளவும்

முதல் தடவைக்கு ஒரு வெள்ளி, ஒரே ஒரு வேளை. காலைச் சாப்பாட்டை விட்டு மத்தியானம் சாப்பிடுங்கள். அப்படி மூன்று நான்கு வெள்ளி போனபின், பிற்பகல் மூன்று மணி வரை இழுக்கலாம். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நேரம் என்று அதற்கு ஒரு பழைய பொருத்தம் உண்டு. ஒரு முழு நாள் அதற்குப் பிறகுதான். இருபத்தொன்று, நாற்பது என்று முதல் வருடத்திலேயே கிளம்ப வேண்டாம், அப்படிக் கிளம்பியவர்கள் பாதியில் விழுந்து அடுத்த ஐந்து வருடம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு காரணத்தை ஒரு வரியில் எழுதி வேதாகமத்துக்குள் வையுங்கள். "கோபத்துக்காக" என்று இருக்கலாம். "அண்ணனோடு பேச்சில்லாமல் இருப்பதற்காக" என்று இருக்கலாம். அந்தியோக்கியா சபையார் உபவாசம் இருந்து ஜெபித்துத்தான் பர்னபாவையும் சவுலையும் ஊழியத்துக்கு அனுப்பினார்கள், ஆகவே ஒரு முடிவு எடுப்பதற்காகவும் இருக்கலாம். எனக்குப் பிடித்தது சங்கீதம் 35இல் இருக்கிறது. தனக்குத் தீமை செய்தவர்கள் நோயில் கிடந்தபோது அவர்களுக்காக உபவாசம் இருந்ததாக அதில் வருகிறது. ஒரே ஒரு முறை முயன்று பார்த்தேன். பசியைவிட அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த நாள்

முதல் நாள் இரவு 'நாளைக்குச் சாப்பாடு இல்லையே' என்று கொத்துரொட்டி கட்டிக்கொண்டு வந்து அடைக்காதீர்கள், மறுநாள் பசி இரட்டிப்பாகும். வழக்கமான இரவுச் சாப்பாடு போதும். நாளுக்கு ஐந்தாறு தேத்தண்ணீர் குடிக்கிறவர்கள் மூன்று நாள் முன்பிருந்தே குறைத்துக்கொண்டு வாருங்கள். என் தலை வெடித்ததற்குப் பாதிக் காரணம் பசி இல்லை, தேத்தண்ணீர் இல்லாதது.

காலையில் சாப்பிடும் நேரத்தை வெறுமனே விடாதீர்கள். இதுதான் முழு வழிகாட்டியிலும் முக்கியமான இடம். இடியப்பமும் சொதியும் மேசைக்கு வருகிற அந்த இருபது நிமிடத்தில் ஒரு சங்கீதத்தை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் போய் இருங்கள். உட்துறைமுகப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், முற்றத்து வேப்பமரத்தடியும் போதும். ஜெபம் இல்லாவிட்டால் அது நேரம் கெட்ட பட்டினி. பத்தரை மணிக்குப் பசி ஒரு அலைபோல் வரும், கால்மணி நேரத்தில் தணிந்துவிடும், பிறகு மறுபடியும் வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் காலையில் எழுதி வைத்த அந்த ஒரு வரியைச் சொல்லுங்கள். ஆலயமணி அடித்தால் எழுந்திருப்பதைப் போல. நீண்ட ஜெபம் வேண்டாம், வராது.

வாயைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மாப்பிள்ளையாகப் போன முதல் தவக்காலத்தில், பசியில் மனைவியிடம் எதற்கோ எரிந்து விழுந்ததை மாமி கேட்டுவிட்டார். "தம்பி, வயித்தை மட்டும் கட்டினாக் காணாது, வாயையும் கட்டோணும். ஏலாட்டி வந்து சாப்பிடுங்கோ" என்றார். ஏசாயா எழுதியதையே அவர் குசினியில் நின்று சொன்னார். அன்று போய்ச் சாப்பிட்டேன்.

உபவாசம் இருப்பதை ஊருக்குக் காட்டக்கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்து முகத்தைக் கழுவிக்கொள் என்பது மலைப்பிரசங்கத்தில் வருகிறது. எங்கள் வீடுகளில் சமைக்கிறவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது, இரகசியம் என்ற பெயரில் அவரைச் சோறு வடித்துவிட்டுக் காத்திருக்க வைப்பது பாவம். முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவருக்கு அப்பால் யாருக்கும் வேண்டாம். வட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குக் கட்டாயம் வேண்டாம்.

அப்புறம், தவிர்க்க முடியாமல் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள், தேத்தண்ணீர் வருகிறது. இந்த ஊரில் அதை மறுத்தால் வீட்டுக்காரர் முகம் வாடும். என் வழி, வாங்கிக் குடித்துவிடுவது. எகிப்துப் பாலைவனத் துறவிகள் விருந்தாளி வந்தால் நோன்பை நிறுத்தி அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நோன்பை எப்போதும் பிடிக்கலாம், வந்தவர் போய்விடுவார் என்பது அவர்கள் கணக்கு. அவர்களுக்கு ஆகுமென்றால் எனக்கும் ஆகும். வேறு கருத்துள்ளவர்கள் உண்டு, அவர்களோடு சண்டையும் இல்லை.

முடிக்கும்போது கஞ்சி, பழம், இளநீர் என்று மெதுவாகத் தொடங்குங்கள். பெரிய வெள்ளி வழிபாடு முடிந்து ஆலய முற்றத்தில் கஞ்சி ஊற்றுகிற வழக்கம் சும்மா வரவில்லை. முதல் வாய்க்கு முன் ஒரு நன்றி. அன்றைக்கு அந்த நன்றியின் அர்த்தம் நாக்கிலேயே இருக்கும்.

பால்மா டின்

தட்டுக்கு வருகிறேன் என்றேனே. மாமி வீட்டில் மூடியில் வெட்டுப் போட்ட ஒரு பழைய பால்மா டின் இருந்தது. யாராவது ஒருசந்தி இருந்தால், அந்தச் சாப்பாட்டுக்கு என்ன செலவாகியிருக்குமோ அந்தக் காசை அன்றைக்கே அதற்குள் போட வேண்டும். "பிறகு கணக்குப் பார்ப்பம்" என்றால் விடமாட்டார். பெரிய வியாழனன்று டின்னைத் திறப்பார். அந்தக் காசு ஆலயப் பெட்டிக்குப் போவதில்லை, அடுத்த ஒழுங்கையில் யாருக்கு எது இல்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு வருடம் பள்ளிக்கூடச் சப்பாத்து. ஒரு வருடம் கரண்ட் பில். இன்ன மதம் என்று பார்த்தது கிடையாது.

நாங்களும் இப்போது ஒரு டின் வைத்திருக்கிறோம். தொடங்குகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலையும் இதுதான்: வெள்ளிக்கு முன்பே டின்னைத் தேடி எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். ஒரு இடியப்பப் பார்சலின் விலை சின்னத் தொகைதான். ஆனால் டின் திறக்கும் பெரிய வியாழனுக்குள் ஆறு வெள்ளி வருகிறது, வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கக் காணும்.

முதல் வெள்ளியே தவறிப்போகவும் கூடும். பத்து மணிக்கு யாரோ அலுவலகத்தில் வடை கொண்டுவந்து நீட்ட, கை தானாகப் போய் எடுத்து, பாதி தின்றபிறகுதான் நினைவு வரும். எனக்கு இன்னும் நடக்கிறது. முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, அந்த நாளைக் கழித்துவிடவும் தேவையில்லை. மிச்சப் பாதியையும் தின்றுவிட்டு அதிலிருந்து தொடருங்கள். மாமி வீட்டுச் சட்டப்படி அந்த வடையின் காசும் டின்னுக்குள் போக வேண்டும்.